பூஸ்ட் என்றால் ஊக்கமா?

போன மாதம் என் மச்சான் தன் டீசல் காருக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். மேட்டில் வண்டி இழுக்கவில்லை. வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அதன் செயலியைத் தமிழில் வைத்துப் பார்த்திருக்கிறார். 'குறைந்த ஊக்கம், மின் இழப்பு' என்று வந்திருக்கிறது. மின் இழப்பு என்றால் பேட்டரிதானே? அவர் மேல் தப்பில்லை. 'பவர்' என்று கண்டாலே மின்சாரம் என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்பைத்தான் நோக வேண்டும். பள்ளிப் பாடநூலில் 'திறன்' இருக்கிறது, பட்டறையில் 'இழுவை' இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்திருந்தால் பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கும்.

அதைவிட எரிச்சல் தருவது அந்த 'ஊக்கம்'. 'பூஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் செயலி போட்ட பெயர் அது. என்ஜினுக்கு பூஸ்ட் தருவது டர்போ என்கிற கருவி.

டர்போ லத்தீன் சொல். பம்பரம், சூறைக்காற்று இரண்டுக்கும் அங்கே அதுதான் பெயர். புகைவாயுவின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டும் பம்பரம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பூஸ்ட் ஆங்கிலத்தில் கீழிருந்து தூக்கிவிடுவது. வேர் விசாரணை இவ்வளவு போதும்.

என்ஜினில் பூஸ்ட் என்பது ஓர் அளவு. அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். உள்ளிழுக்கும் குழாயில் அதற்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதுதான் பூஸ்ட். பூஸ்ட் 1 பார் என்றால் குழாய்க்குள் மொத்தம் 2 பார். ஊக்கத்தை எந்தப் பாரில் அளப்பது? ஊக்கத்தொகை மாணவனுக்கு, ஊக்கமருந்து பிடிபட்ட ஓட்டக்காரனுக்கு. ரப்பர் குழாய்க்கு ஏது ஊக்கம்?

தனித்தமிழ் அன்பர்கள் 'உந்தழுத்தம்' என்கிறார்கள். அழுத்தம் என்று சொன்னவரைக்கும் நல்லது. ஆனால் பேருந்து, மகிழுந்து, சரக்குந்து என்று வண்டிக்கே 'உந்து' என்று பெயர் வைத்ததும் இவர்கள்தானே? உந்தழுத்தம் குறைவு என்றால் டயரில் காற்று இல்லை என்றுதான் நான் படிப்பேன். தவிர, பூஸ்ட் எதையும் உந்துவதில்லை. காற்றைச் செறிவாக்கிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. உந்துவது எரிபொருள் எரியும் வெடிப்பு. 'மிகையழுத்தம்' என்பார்கள் வேறு சிலர். அளவுக்கு மீறிப்போகும் ஓவர்பூஸ்டை அப்புறம் என்னவென்று சொல்வது, மிகைமிகையழுத்தமா?

என் தேர்வு 'ஏற்றழுத்தம்'. ஏற்றப்பட்ட அழுத்தம். கிணற்று நீரை மேலே கொண்டுவந்த ஏற்றமும் இந்த வேர்தான். குறைந்தால் ஏற்றழுத்தக் குறைவு, கூடினால் ஏற்றழுத்த மிகை. ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண்ணாக வருவது இந்தக் குறைவுதான். இப்படிப் பெயர் சொன்னால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்: ஏற்றிய காற்று எங்கே ஒழுகுகிறது, அல்லது ஏன் ஏறவே இல்லை? அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ், அதன் கிளிப், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் (வெற்றிட) குழாய், கரி படிந்து இறுகிப்போன டர்போ இதழ்கள், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கிற, அழுக்கேறிய மேப் சென்சார் என்று வரிசையாகப் பார்க்கலாம். மச்சான் வண்டியில் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் கீறல். நின்ற வண்டியில் வாய் மூடிக்கொண்டிருக்கும். மேடு ஏறி அழுத்தம் வந்ததும் விரியும், பின்னால் கரும்புகை. பேட்டரி பாவம்.

வேஸ்ட்கேட்டை அதே செயலி 'கழிவு வாயில்' என்கிறது, சாக்கடை அடைப்பு மாதிரி. டர்போவுக்கு வேண்டியது போக மிஞ்சிய புகைவாயுவை ஓரமாக வெளியே விடும் கதவு அது. ஏரி நிரம்பியதும் உபரி நீரை வெளியேற்றுகிற அமைப்புக்கு நம் ஊரில் கலிங்கு என்று பெயர். வேஸ்ட்கேட் திறந்தே சிக்கிக்கொண்டால் இழுவை ஏன் போகிறது என்பதை, கலிங்குப் பலகையைப் பிடுங்கிவிட்ட ஏரியைப் பார்த்தவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரே வரியில் புரிந்துகொள்வார்.