உறுப்புசூழ் கொழுப்பு

உடற்பயிற்சிக் கூடத்து எடை இயந்திரம் தரும் சீட்டில் ‘விசரல் ஃபேட்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால், விசர் என்றால் பைத்தியம் என்று அறிந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்துவிடுவார். மூலம் லத்தீன். ‘விஸ்கெரா’ என்றால் குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகள். வயிற்றுக்குள் அவற்றைச் சுற்றிப் படியும் கொழுப்பு இது.

பேச்சில் இதைத் தொப்பை என்று முடித்துவிடுகிறோம். தொப்பை வடிவத்தின் பெயர், கொழுப்பின் பெயரன்று. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிவது தோலடிக் கொழுப்பு. கிள்ள முடியாமல் வயிற்றுச் சுவருக்கு உள்ளே ஒளிந்திருப்பதே மற்றது. எவ்வளவு பருமன் என்பதோடு எங்கே பருமன் என்றும் பார்க்க வேண்டும் என 1947இலேயே எழுதியவர் பிரான்சின் மர்செய் நகர மருத்துவர் ஜான் வாக். அவர் எண்ணியது நீரிழிவு போன்ற நோய்களை.

வைரஸ் நோய்களில் உடல் பருமனின் பங்கு 2009 பன்றிக் காய்ச்சலின்போது பளிச்சென்று தெரிந்தது. 2020இல் கொரோனா வந்தபோது, நுரையீரலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன்களிலேயே வயிற்றுக் கொழுப்பையும் அளந்தார்கள். உள்ளே கொழுப்பு மிகுந்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டது. இந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. வைரஸ் நுழையும் முன்பே உடல் உமி நெருப்பாகக் கனன்றுகொண்டிருக்கிறது. போதாததற்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மல்லாந்து படுத்தவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி விரிய இடம் குறைகிறது. எடை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவை அளக்கிறார்கள்: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறை: ஈரலுக்குள்ளேயே படியும் கொழுப்பு என்றும் பொருள்படும், அது வேறு நோய். கொழுப்பைக் குறிக்கும் சங்கப் பாடல்களின் ‘நிணம்’ அழகான சொல்தான், ஆனால் ‘நிணநீர்’ ‘லிம்ஃப்’ என்னும் உடல் திரவத்தின் பெயராகிவிட்டது, இரண்டும் குழம்பும். ஆகவே ‘உறுப்புசூழ் கொழுப்பு’ என்பேன். சூழ் என்பதிலிருந்தே சூழ்ச்சியும் பிறந்தது என்பது கூடுதல் பொருத்தம். இணைச்சொல்லாகத் ‘தோலடிக் கொழுப்பு’ ஏற்கெனவே இருக்கிறது; அதை மாற்ற வேண்டியதில்லை.