மிச்சம் வைத்த மாத்திரையும் மண்ணில் பிறந்த மருந்தும்

“போன முறை கொடுத்ததில் மிச்சம் இருந்தது டாக்டர். மூன்று நாள் போட்டேன், கேட்கவில்லை.” மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள என் கிளினிக்கில் இதைக் கேட்காத வாரம் இல்லை. அன்று வந்த அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை. கைப்பையிலிருந்து அவர் எடுத்துவைத்த பிளாஸ்டிக் பையில், பெயர் அழிந்துபோன நான்கு மாத்திரைகள்.

சிறுநீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். மறுநாளுக்கு மறுநாள் கிருமி வளர்ந்த தட்டை நேரில் போய்ப் பார்த்தேன். மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதில் வைத்திருப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். அந்த அம்மாவின் தட்டில், நாம் வழக்கமாக எழுதித் தரும் மருந்துகளின் வில்லைகளுடைய விளிம்புவரை ஈகோலை என்ற குடல் பாக்டீரியா படர்ந்திருந்தது. பென்சிலின் வகை மருந்துகளை உடைத்தெறியும் நொதியை அது சுரக்கிறது. வளையம் விழுந்த இடங்கள் சிலவே. அவற்றில் ஒன்று ஃபாஸ்ஃபோமைசின்.

இந்த மருந்தின் பிறப்பிடம் மண். ஸ்பெயினில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து கண்டெடுத்து, 1969இல் உலகுக்கு அறிவித்தார்கள். மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான பாக்டீரியாக் குடும்பமும் இதுதான். 1943இல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்ததும், பிறகு மருத்துவமனையில் ஊசியாக ஏற்றும் கார்பபெனெம் வகை மருந்துகளுக்கு வித்திட்டதும் இதே குடும்பம். கிருமி தன் சுவரைக் கட்டத் தொடங்கும் முதல் படியையே ஃபாஸ்ஃபோமைசின் தடுக்கிறது. உருமாறாமல் சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர்ப்பையில் நன்றாகச் செறிகிறது. மூன்று கிராம் பொடி, அரை கிளாஸ் தண்ணீரில் ஒரே வேளை.

ஆனால் மண்ணில் இந்த மருந்துகள் இருந்த காலமெல்லாம் அவற்றை முறியடிக்கும் வித்தையும் அங்கேயே இருந்திருக்கிறது. நாம் கண்டபடி விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் அந்த வித்தை தெரிந்த கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மிச்சத்தைப் பத்திரப்படுத்தாதீர்கள், அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. குளிர்க்காய்ச்சலோ, வாந்தியோ, இடுப்புக்கு மேல் பக்கவாட்டில் வலியோ இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அதற்கு இந்தப் பொடி போதாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.