அலுவலகம் நின்றாலும் கெடு நிற்காது: பெருந்தொற்றுக் காலமும் அமெரிக்க முதலீட்டு விசாவும்

8 லட்சம் டாலர் முதலீடு (கிராமப்புறம், வேலையின்மை அதிகமுள்ள ஊர் போன்ற சலுகைப் பகுதிக்கு வெளியே என்றால் 10.5 லட்சம்), 10 பேருக்கு முழுநேர வேலை, பதிலுக்குக் குடும்பத்துக்கு கிரீன் கார்டு. ஈபி-5 என்ற அமெரிக்க முதலீட்டு விசாத் திட்டம் இவ்வளவுதான். குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது திட்டத்தில் அல்ல, காத்திருப்பில்.

2020 மார்ச் 18-இல் அமெரிக்கக் குடியேற்றத் துறை நேரடிச் சேவையை நிறுத்தியது. 20-ஆம் தேதி தூதரகங்களும் வழக்கமான விசா வேலையை நிறுத்தின. அடுத்த மாதம் வந்த குடியேற்றத் தடையில் ஈபி-5-க்கு விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் மும்பையில் நேர்காணலே நடக்காதபோது அந்த விலக்கு யாருக்கு உதவும்? அதோடு 2021 ஜூன் 30-இல் பலருடைய முதலீட்டைச் சேர்த்து ஒரே திட்டத்தில் போடும் ரீஜனல் சென்டர் பிரிவின் சட்ட அனுமதி முடிந்துபோய், 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. அது தொற்றால் வந்த தாமதம் அல்ல. எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டும் ஏஜென்டிடம், எந்தப் படியில் கோப்பு நிற்கிறது என்று ரசீது எண்ணோடு கேளுங்கள்.

பிள்ளைகளின் வயதுதான் பெரிய பொறி. 21 தாண்டினால் உங்களோடு கிரீன் கார்டு இல்லை. மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழிப்பார்கள். ஒப்புதல் கிடைத்தபின் விசா எண்ணுக்கு (ஆண்டு ஒதுக்கீட்டில் உங்கள் முறைக்கு) காத்திருக்கும் நாட்களைக் கழிக்க மாட்டார்கள். எண் கிடைத்ததும் ஓராண்டுக்குள் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் போட்டால் வயது அங்கேயே உறையும். 'தூதரகம் மூடியிருக்கிறதே, திறந்தபின் போடலாம்' என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் படிவம் ஆன்லைனில் போவது, அதற்குத் தூதரகக் கதவு திறக்கத் தேவையில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவதில்தான் அலைச்சல் அதிகம். ரப்பர் தோட்டமோ தென்னந்தோப்போ விற்ற பணம் என்றால், விற்ற பத்திரம் மட்டும் போதாது. சொத்து உங்களிடம் வந்த வழிக்கு மூலப்பத்திரமும் வேண்டும். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய நம் ஊர்ப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'சரியானது, முழுமையானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் போதும். நோட்டரி முத்திரை கட்டாயம் என்று அலைக்கழித்தால் அலையாதீர்கள். பழைய ஆண்டுகளின் வில்லங்கச் சான்று கணினியில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தான் தருவார்கள். ஊரடங்கில் அந்த அறை பூட்டியிருக்கும். ஆகவே மனுவுக்கு முன்பே வாங்கி வையுங்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று விற்றிருந்தால், கையில் வாங்கிய ரொக்கத்தை அமெரிக்காவில் கணக்குக் காட்டவே முடியாது.

கூடுதல் ஆவணம் கேட்டு வரும் நோட்டீசுக்குத் தொற்றுக் காலத்தில் கெடுவுக்கு மேல் 60 நாள் சலுகை தந்தார்கள். 2023 மார்ச் 23 தேதியிட்ட நோட்டீசோடு அது முடிந்தது. இப்போது நோட்டீசில் போட்டிருக்கும் தேதியே கெடு.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் அனுப்பலாம். மீந்த வரம்பு அடுத்த ஆண்டுக்குச் சேராது. மார்ச் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள், 2020 ஊரடங்கு வந்ததே அந்த வாரத்தில்தான். மைத்துனரின் வரம்பைப் பயன்படுத்தி அவர் பேரில் அனுப்பினால் அது அன்பளிப்பு, அவருடைய வருமானத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டும். அனுப்பிய பணம் முதலீடாகாமல் வெளிநாட்டுக் கணக்கில் 180 நாள் சும்மா கிடந்தால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை பொதுவாக 6 மாதம்தான் செல்லும். நேர்காணல் தேதி கையில் வராமல் எடுக்காதீர்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிச் சான்று எடுபடாது, தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்தான் வேண்டும். போலீஸ் சான்று 2 ஆண்டு செல்லும். 16 வயதுக்குப்பின் சவுதியிலோ குவைத்திலோ ஓராண்டு இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவை. வேலையை விட்டு ஊருக்கு வருமுன்பே அங்கே வாங்குங்கள். அதன்பின் அந்த நாட்டுக்குத் திரும்பப் போகாவிட்டால் அந்தச் சான்று காலாவதியாகாது.

'கூடுதல் பணம் கட்டினால் சீக்கிரம் முடித்துத் தருகிறோம்' என்பது பொய். ஈபி-5 மனுவுக்கு பிரீமியம் வழியே கிடையாது. சட்டப்படி முன்னுரிமை இருப்பது கிராமப்புறத் திட்டங்களுக்கு மட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் லைசென்ஸைச் சுவரில் மாட்டி நம்பவைப்பார்கள். அந்த லைசென்ஸுக்கும் முதலீட்டு விசாவுக்கும் சம்பந்தமில்லை.