ஏழாவது நாளில் ஜிஎச்சுக்கு வருகிறவர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது கால். மூன்று பேருக்குமே முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. முதல் இரண்டு முறை மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன். மூன்றாமவரின் மனைவி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னிடம் கேட்டதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "வருசா வருசம் முப்பதாயிரம் கட்டுனோமே சார், அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை அறுவைசிகிச்சை நிபுணராக இருக்கிறேன். அதற்கு முன் எட்டு வருடம் தனியாரில் வேலை பார்த்தேன். அந்த மூன்றாமவருடைய அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 54 வயது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. செருப்புக் கடித்து உள்ளங்காலில் ஒரு புண். வலி தெரியாததால் மூன்று வாரம் கவனிக்கவில்லை. காய்ச்சல் வந்ததும் நேராக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். ஐந்து லட்ச ரூபாய் பாலிசி கையில் இருந்தது. மூன்றாம் நாள் 'கேஷ்லெஸ்', அதாவது காப்பீட்டு நிறுவனமே பில்லை நேரடியாகக் கட்டுவது, மறுக்கப்பட்டது. பாலிசி எடுக்கும்போது படிவத்தில் சர்க்கரை இல்லை என்று எழுதியிருந்தார்கள். "இருக்குன்னு போட்டா பிரீமியம் ஏறும் அண்ணே, இல்லைன்னே போட்டுருவோம்" என்றாராம் ஏஜென்ட். நகையை அடகு வைத்து மூன்று லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். ஏழாம் நாள் இரவு, இனி முடியாது என்றதும், ஆம்புலன்ஸ் எங்கள் வாசலில் வந்து நின்றது. சீழ் கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

மறுநாள் அவருடைய மகன் வந்தான். "சார், ஒன்பது வருசமா சுகர்னு எழுதியிருக்கு. அதை மூணு வருசம்னு மாத்தித் தர முடியுமா? க்ளெய்ம் பண்ணணும்." நல்ல பையன்தான், தவிப்பில் கேட்கிறான். முடியாது என்றேன். டாக்டர்களிடம் இதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நோயாளி முதலில் வந்தபோது இரவுப் பணியில் இருந்த ஜூனியர் டாக்டர் கேட்டு எழுதிய அந்த ஒரு வரி, மருத்துவ ஆவணம். அதைத் திருத்துவது குற்றம். அது மட்டுமல்ல, எத்தனை வருடச் சர்க்கரை என்பதை வைத்துத்தான் அடுத்து கண்ணையும் சிறுநீரகத்தையும் எப்போது பார்ப்பது என்று முடிவு செய்கிறோம்.

மனதை அறுப்பது என்னவென்றால், அந்தப் பாலிசிக்கு அப்போது நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அது முடியும்வரை அந்த நோய்க்கான செலவைத் தரமாட்டார்கள். அவர் எடுத்த சமயத்தில் அது அதிகபட்சம் 48 மாதம். 2024 ஏப்ரலிலிருந்து அதை 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லி, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்திருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும், இந்தச் செலவுக்குப் பணம் கிடைத்திருக்கும். "அஞ்சு வருசம் தாண்டிட்டா யாரும் கேட்க முடியாது சார்" என்று இப்போது ஒரு யோசனை வேறு சுற்றுகிறது. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில், விவரம் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் க்ளெய்மை மறுக்க முடியாது என்பது சரிதான். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. பாதி விதியைப் படித்துவிட்டுக் காலைப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, இதெல்லாம் காகிதச் சமாச்சாரம். என்னைப் பொறுமையிழக்கச் செய்வது வேறொன்று. அவர் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற பெண் தன்னார்வலர் அவர் வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டியிருக்கிறார். "நாங்க இன்சூரன்ஸ் வச்சிருக்கோம்மா, இல்லாதவங்களுக்குக் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த நல்லெண்ணத்துக்குள் இருக்கும் தவறைத்தான் எப்படிப் புரியவைப்பது என்று வருடக்கணக்காகத் தவிக்கிறேன்.

காப்பீடு என்பது மருத்துவம் இல்லை. அது பணத்துக்கான ஒப்பந்தம். நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, பில் வந்த பிறகு, அந்தப் பில்லில் ஒப்பந்தப்படி உள்ள பங்கைக் கொடுப்பதற்கான ஒப்பந்தம். படுக்கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை இல்லை. பெரும்பாலான பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவு கிடையாது. மாதாமாதம் வாங்குகிற மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எதுவும் அதில் வராது. சர்க்கரை நோயில் கால் தப்புவது இந்தச் சின்னச் சின்னச் செலவுகளில்தான். கால் போவதற்கு ஆகும் செலவைக் காப்பீடு தரும், காலைக் காப்பாற்றும் செலவைத் தராது. இதை வெளிநோயாளிப் பிரிவில் தினமும் நாலு பேரிடமாவது சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை வரும்போது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள்.

அதோடு, "இனாம் மாத்திரைக்குப் பவர் கிடையாது" என்கிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறார்கள். மாதிரிகள் ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மருந்து எங்களுக்கு வருகிறது. மற்ற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. அப்படி வரும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் நீங்கள் கடையில் வாங்கும் மெட்ஃபார்மினும் ஒரே மருந்துதான்.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரு விவாதம் நடக்கிறது. அரசே எல்லோருக்கும் மருத்துவம் கொடுக்க வேண்டுமா, ஆளுக்கொரு காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டுத் தனியாரிடம் விட்டுவிடலாமா என்று. என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை: வரிப்பணத்தில் நடக்கும் பொது மருத்துவம்தான் அஸ்திவாரம். காப்பீடு அதன் மேல் கட்டும் மாடி. அஸ்திவாரம் இல்லாமல் மாடி நிற்காது. தனியார் காப்பீடு இயங்குவது அபாயக் கணக்கில். யாருக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகமோ அவரிடம் அதிகம் வாங்கும், அல்லது வேண்டாம் என்று விடும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். கையில் சம்பளம் குறைந்து நோய் கூடுகிற வயதில்தான் மனிதன் பாலிசியைக் கைவிடுகிறான். பொது மருத்துவம் இதற்கு நேர்மாறானது. ஆரோக்கியமாக இருக்கும்போது வரியாகக் கொடுக்கிறோம், நோயாளியாகும்போது யாரும் படிவம் நீட்டிக் கேள்வி கேட்பதில்லை.

இது புதுக் கனவும் இல்லை. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் யாருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946-லேயே ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து 1948-ல் அதைச் செய்து காட்டியது, போரில் நொறுங்கிப்போன நிலையில். தாய்லாந்து 2001-ல் முப்பது பாத் கட்டணத்தில் ஆரம்பித்தது. நம் நாட்டில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் இன்னும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் நகைக்கடனிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் வருகிறது. அரசு செலவிட்டது 2021-22-ல் உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை.

தனியாரும் காப்பீடும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வார்டில் கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்த நாட்கள் உண்டு. அவசரமில்லாத ஹெர்னியா ஆபரேஷனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறோம். தினக்கூலிக்காரருக்கு அந்தக் காத்திருப்பே ஒரு செலவு. கழிப்பறை பற்றி வரும் புகார்கள் நியாயமானவை. தனியாரில் வேலை பார்த்தபோது, நல்ல பாலிசி ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான். ஹார்டுவேர் கடைக்காரர் அதில் வரமாட்டார், பெரிய பாலிசி எடுக்கவும் வசதி போதாது. இப்படி நடுவில் மாட்டியவர்கள் நாட்டில் 40 கோடிப் பேராவது இருப்பார்கள் என்று நிதி ஆயோக் 2021-ல் கணக்கிட்டது. அவர்களிடம் போய் இன்சூரன்ஸ் எடுக்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. எடுங்கள். ஆனால் சரியாக எடுங்கள்.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஏஜென்ட் நிரப்பினால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பத்து வருடம் முன்பு செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், எல்லாவற்றையும் எழுதுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த முப்பது நாளில் ஒரு நாள் உட்கார்ந்து படிக்க முடியாதா?

அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்றிருக்கும். ஐந்து லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் வித்தியாசம் மூவாயிரத்தோடு நிற்காது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,20,000 ரூபாய் என்றால் 75,000 வரும், மீதி 45,000 உங்கள் தலையில். ஏசி அறைக்காக இந்தச் செலவு தேவையா என்று முதல் நாளே யோசியுங்கள். க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார், அங்கே தீராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

முதலமைச்சர் திட்ட அட்டை உள்ளவர்கள் எங்களிடம் வரும்போதும் அதைக் கொண்டுவாருங்கள். "ஜிஎச்ல எப்படியும் இலவசம்தானே" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் வரும் பணம் எங்கள் மருத்துவமனைக்கு வருகிறது, கருவிகள் வாங்குகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கோபமாக இல்லை. பணம் தீர்ந்த பிறகு எங்களிடம் வராதீர்கள், நோய் தொடங்கும்போதே வாருங்கள். காலில் சின்னக் கொப்புளம் என்றாலும் சர்க்கரை உள்ளவர் அன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனையில் பாலிசி செல்லும் என்று போனில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். தனியாரில் சேர்ந்தீர்கள், செலவு கைமீறும் என்று தெரிகிறது என்றால், இரண்டாம் நாளே வாய் திறந்து சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நாள் வித்தியாசத்தில் நான் ஒரு விரலோடு நிறுத்தியிருப்பேன்.

அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் புண் இன்னும் நன்றாக ஆற வேண்டும். மாத்திரையை அவருடைய மனைவி சுகாதார நிலையத்திலிருந்து வாங்கி வருகிறார். கட்டு மாற்ற வந்தபோது மகனையும் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். 27 வயதில் எல்லைக்கோட்டில் நிற்கிறான். தன் பெயரில் புதுப் பாலிசி எடுக்கிறானாம். இதைப் படிவத்தில் எழுதுவாயா என்று கேட்டேன். போனை எடுத்து, நிரப்பிய பக்கத்தின் படத்தைக் காட்டினான். எழுதியிருந்தான்.