உடம்புக்கு டயட் தெரியாது, பஞ்சம்தான் தெரியும்

1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் தங்க வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். அதற்குப் பதிலாகப் பட்டினி கிடக்கத் தாங்களாகவே முன்வந்திருந்தார்கள். ஐரோப்பாவில் பசியால் வாடிக்கொண்டிருந்த மக்களுக்கு எதை, எவ்வளவு கொடுத்தால் தேறுவார்கள் என்பது அப்போது சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி இந்தச் சோதனையை ஏற்பாடு செய்தார்.

முதல் 12 வாரம் நாளைக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதில் பாதி, ஏறக்குறைய 1,570. ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், மக்ரோனி என்று இரண்டே வேளை. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. 1,570 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டினியை ஆராய்வதற்காக வைத்த அளவு அது. இன்றைக்கு இதைவிடக் குறைவாக எழுதித் தரும் டயட் திட்டங்கள் எத்தனையோ உண்டு. உருவத்தில் சிறியவர், அதிகம் அலையாதவர் ஒருவருக்கு இந்த எண் அவ்வளவு கொடுமை இல்லைதான். ஆனால் அந்த இளைஞர்களுக்கு அது தேவையில் பாதி.

24 வாரத்தில் அவர்கள் எடையில் கால்வாசி போய்விட்டது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்கள் மனசுக்குள் நடந்தது. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே என்றாகிவிட்டது. அதுவரை அடுப்படிப் பக்கம் போகாதவர்கள்கூட சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், குறிப்பு எடுத்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, பிசைந்து, ஒரு மணி நேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் தட்டை நக்கினார்கள். காபியும் சூயிங்கமும் கட்டுப்பாடில்லாமல் உள்ளே போயின. படிப்பில் நாட்டம் போயிற்று, அரசியல் பேச்சு போயிற்று, பெண்கள் மேல் இருந்த ஆசையும் போயிற்று. பசி வந்திடப் பத்தும் பறந்துபோம் என்று நாம் சொல்கிற அந்தப் பத்தில் மானமும் கல்வியும் காமமும் அடக்கம். ஒரு ஆய்வுக்கூடம் அதைப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறது.

அவர்களில் ஒருவர் ஊருக்குள் போனபோது கட்டுப்பாட்டை மீறி ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டார். அப்புறம் யாரும் தனியாக வெளியே போகக் கூடாது, கூட ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. கொள்கைக்காக ஊர் உலகத்தின் ஏச்சைத் தாங்கியவர்கள் இவர்கள், உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கே சாப்பாட்டிடமிருந்து காவல் தேவைப்பட்டது.

சரி, சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இந்தச் சோதனையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பலர் பசிக்கிறது என்றார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் ஒரே நாளில் 5,000 கலோரிக்கும் மேல் உள்ளே தள்ளினார்கள். உடம்பு தேறத் தேற, வயிற்றிலும் இடுப்பிலும் சதை போடுகிறதே என்று கவலைப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். சில மாதம் முன்பு எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்! தன் உடம்பைப் பற்றிய கவலை, சாப்பாட்டின் மேல் வெறி, சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சி: இதையெல்லாம் நாம் ஒருவரின் குணக்கேடு என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது பட்டினியோடு சேர்ந்து வந்தது.

ஏன் இப்படி என்பதற்கு 1945இல் விடை இல்லை. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அது துண்டு துண்டாகக் கிடைத்தது. 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் மூட்டை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். லெப்டினைச் சுரப்பதே அந்தக் கொழுப்பு செல்கள்தான். இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளை அது. 1999இல் ஜப்பானில் கிரெலின் கண்டுபிடிக்கப்பட்டது. காலியான வயிறு சுரக்கும் ஹார்மோன் இது, பசியைத் தூண்டுவது.

இரண்டு செய்தியும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போகின்றன. அங்கே பசிக்கென்றே ஒரு கூட்டம் நரம்பு செல்கள் உண்டு. நன்றாகச் சாப்பிட்டு முடித்த எலியின் மூளையில் இந்த செல்களை மட்டும் தூண்டிவிட்டால், சில நிமிடத்திலேயே அது மறுபடி வெறியோடு தின்ன ஆரம்பிக்கிறது. அதைவிட விசித்திரம் 2015இல் தெரிந்தது. பசித்த எலியின் கண்ணில் உணவு பட்டதுமே, ஒரு வாய் உள்ளே போவதற்கு முன்பே, இந்த செல்கள் அடங்கத் தொடங்குகின்றன. சாப்பாடு வரப்போகிறது என்ற உறுதியே அவற்றைத் தணிக்கப் போதுமானதாக இருக்கிறது. சாப்பிடாமல் விட்டால் மறுபடி கிளம்பிவிடுகின்றன.

இப்போது டயட்டில் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்த சில நாளிலேயே லெப்டின் சரசரவென்று இறங்குகிறது. கொழுப்பு குறைவதைவிட வேகமாக இறங்குகிறது. கணக்குப்பிள்ளை கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் அபாயச் சங்கு ஊதுகிறார். வரப்போகும் கல்யாணத்துக்காகவோ ஒரு புகைப்படத்துக்காகவோ நடக்கும் ஏற்பாடு இது என்பது ஹைப்போதலாமஸுக்குத் தெரியாது. மனித இனம் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி, வரும் சாப்பாடு குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆகவே பசி கூடுகிறது, எண்ணமெல்லாம் உணவின் பக்கம் திரும்புகிறது, செலவு குறைகிறது. மினசோட்டா இளைஞர்கள் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. இதயம் நிதானமாகத் துடித்தது. அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது.

இந்த ஏற்பாடு டயட் முடிந்த மறுநாளே கலைந்துவிடுவதும் இல்லை. மெல்போர்னில் எடை குறைத்த 50 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஒரு வருடம் கழிந்த பிறகும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. 2016இல் இன்னொன்று. எடை குறைப்பைப் போட்டியாக நடத்திய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்ப வந்திருந்தது. ஆனால் ஓய்வில் செலவாகும் சக்தி மட்டும், அந்த உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது. அது அதீதமான உதாரணம், எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. என்றாலும், ‘எனக்கு மன உறுதி போதவில்லை’ என்று தன்னைத் தானே திட்டிக்கொள்பவர் எதோடு மல்லுக்கட்டினார் என்று அது காட்டுகிறது.

ஹார்மோன் பாதிக் கதைதான். மனசு போடும் விதிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுவை ஆராய்ச்சி என்று சொல்லி, வந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். டயட்டில் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். நியாயமான விஷயம். எப்போதும் சாப்பாட்டை அடக்கி வைத்திருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். பின்னால் நடந்த சோதனைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒரே பானத்தை எல்லோருக்கும் கொடுத்து, சிலரிடம் இதில் கலோரி அதிகம் என்றும் சிலரிடம் குறைவு என்றும் சொன்னார்கள். அதிகம் என்று நம்பிய டயட்காரர்கள்தான் கட்டவிழ்ந்தார்கள். வயிற்றில் போனது அதே அளவு. விதி உடைந்துவிட்டது என்ற நினைப்புதான் வேலையைச் செய்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

இந்தக் கணக்கு நானும் போட்டதுண்டு. காலையில் ஒரு துண்டு கேக், ‘இன்றைக்குக் கெட்டது கெட்டுப்போயிற்று, நாளையிலிருந்து பார்த்துக்கொள்வோம்’ என்று ராத்திரிவரை ஒரு பவனி. நாளையிலிருந்து கடுமையாக இருக்கப்போகிறோம் என்ற அந்த உறுதிமொழியே இன்றைக்கு அள்ளிக்கொள்ளச் சொல்கிறது. ‘நல்ல உணவு’, ‘கெட்ட உணவு’ என்று கோடு கிழித்து வைப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணெதிரே ஜாடியில் வைத்து, தொடக்கூடாது என்று சொன்ன தின்பண்டத்தின் மேல்தான் அவர்கள் நினைப்பு முழுக்கப் போயிற்று.

சாப்பாடு இருக்கட்டும், கண்ணாடியில் நம் உடம்பை எப்படிப் பார்க்கிறோம் என்ற விஷயத்துக்கு வருவோம். என் இடுப்பு இவ்வளவு அகலம் என்று மூளைக்குச் சொல்ல உடம்பில் தனியாக ஒரு புலனும் கிடையாது. தொடு உணர்வு, மூட்டுகளிலிருந்து வரும் செய்தி, கண் பார்த்தது, பழைய ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்து மூளை குத்துமதிப்பாக ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. அது எவ்வளவு கோணலானது என்று லண்டனில் 2010இல் ஒரு எளிய சோதனை காட்டியது. ஒருவரின் கையை மறைத்துவிட்டு, உன் விரல் நுனி எங்கே, கணு எங்கே என்று மேலே உள்ள பலகையில் காட்டச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களே தங்கள் விரல்களைக் குட்டையாகவும் கையை மிக அகலமாகவும் காட்டினார்கள். தினமும் பார்க்கும் கைக்கே இந்த கதி.

குண்டாகிவிடுவோம் என்று பயந்து சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் அனோரெக்சியா என்ற நோய் வந்தவர்களிடம் இந்த வரைபடம் நடையையே மாற்றிவிடுகிறது. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு அகலமுள்ள வாசல்கள் வழியாக நடக்க வைத்தார்கள். எதற்காக என்று சொல்லவில்லை. மற்றவர்கள் வாசல் தங்கள் தோளைவிட 25 சதவீதம் அகலமாக இருக்கும்வரைதான் தோளைத் திருப்பி நுழைந்தார்கள். நோயாளிகள் 40 சதவீதம் அகலமாக இருந்தபோதும் திருப்பினார்கள். அவர்கள் பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பெரிய உடம்போடுதான் நடமாடுகிறார்கள். ‘நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்’ என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. உயிரையே எடுக்கக்கூடிய நோய் அது. மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது.

அந்த வரைபடத்தை வெளியிலிருந்தும் மாற்றிவிடலாம். மெலிந்த உடல்களின் படங்களைச் சில நிமிடம் தொடர்ந்து பார்த்தாலே ‘சாதாரண உடம்பு’ என்பதற்கு நம் கண் வைத்திருக்கும் அளவுகோல் மெலிவுப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. திரையில் அதையே வருடக்கணக்கில் பார்த்தால்? ஃபிஜித் தீவுகளில் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. திடமான உடம்பை மெச்சும் ஊர் அது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் அந்த நேரத்தில் அங்கே பள்ளி மாணவிகளைச் சந்தித்தபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் மறுபடி கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள்.

எடை இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயட்டின் முதல் வாரத்தில் மளமளவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது போனால் இதுவும் போகும். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் போடும் பிஎம்ஐ என்ற எண்ணின் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் கணக்கை 1830களில் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற வானியலாளர். மக்கள்தொகையின் ‘சராசரி மனிதனை’த் தேடியவர் அவர், எதிரே நிற்கும் தனி ஆளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. 1972இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? பட்டினிச் சோதனை நடத்திய அதே ஆன்சல் கீஸ்.

அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடும் பிரச்சினையோடு வருபவர்களுக்குச் சிகிச்சை எங்கே தொடங்கும் என்று கேட்டால் பலர் சாப்பாட்டைக் குறைப்பதில் என்பார்கள். நேர்மாறு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், முதல் வேலையே ஒழுங்காகச் சாப்பிட வைப்பது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி, இரண்டுக்கும் இடையே சுமார் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். முந்தின நாள் என்ன நடந்திருந்தாலும் அடுத்த வேளையைத் தவிர்க்கக் கூடாது. எதைச் சாப்பிடுவது என்ற கேள்விகூட அப்புறம்தான். ஹைப்போதலாமஸ் செல்களை நினைத்துப் பார்த்தால் இது புரியும். அடுத்த சாப்பாடு நிச்சயம் வரும் என்று உடம்புக்கு நம்பிக்கை வர வேண்டியிருக்கிறது, அந்த நம்பிக்கை பேச்சால் வருவதில்லை. விலக்கி வைத்த உணவுகளும் பிறகு மெதுவாக, பயமில்லாத அளவில், தட்டுக்குத் திரும்புகின்றன.

கண்ணாடிப் பக்கத்துக்கும் சில முயற்சிகள் உண்டு. நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் உடல் பிடிக்காத இளம்பெண்களை அந்த உடல் என்னவெல்லாம் செய்கிறது என்று மூன்று முறை எழுதச் சொன்னார்கள். நடப்பது, உணவைச் செரிப்பது, அணைத்துக்கொள்வது, காய்ச்சலிலிருந்து தேறுவது. எழுதியவர்களுக்குத் தங்கள் உடல்மேல் இருந்த அதிருப்தி குறைந்தது. ‘நீ அழகுதான்’ என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது. அழகு என்ற பேச்சையே எடுக்காமல் வேலையை முடிக்கிறது.

மினசோட்டாக்காரர்கள் என்ன ஆனார்கள்? ஒழுங்காகத் தேற வேண்டுமானால் மாதக்கணக்கில் நாளைக்கு 4,000 கலோரி போலச் சாப்பிட வேண்டும் என்று கீஸ் கண்டார். குறைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் மிக மெதுவாகத்தான் தேறினார்கள். கிட்டத்தட்ட அறுபது வருடம் கழித்து, 2003இலும் 2004இலும், அப்போது உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பேட்டி எடுத்தார்கள். எல்லோரும் எண்பதைத் தொட்ட கிழவர்கள். பழைய எடையும் தெம்பும் வர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார்கள். சிலர் இரண்டு மாதம் என்றார்கள். சிலர் இரண்டு வருடம் என்றார்கள்.