அட்டையை விரித்த கை

1959 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்றொரு சிற்றூர். சுற்றிலும் கோதுமை நிலம். அங்கே ஒரு பண்ணை வீட்டில் கிளட்டர் குடும்பத்தின் நான்கு பேர் கைகால் கட்டப்பட்டு, சுடப்பட்டுக் கிடந்தார்கள். அப்பா, அம்மா, 16 வயது மகள், 15 வயது மகன். நிலவறையில் கிடந்த அப்பாவின் கழுத்தும் அறுக்கப்பட்டிருந்தது. விசாரிக்க வந்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. அவர் கிடந்த இடத்தில் மெத்தை வந்த அட்டைப்பெட்டி விரிக்கப்பட்டிருந்தது. மகனின் தலைக்கு அடியில் தலையணை.

தரை சில்லிடுமே என்று அட்டையில் படுக்கவைத்தவன்தான் சற்று நேரத்தில் அதே மனிதரின் கழுத்தை அறுத்தான். அவன் பெயர் பெர்ரி ஸ்மித், வயது 31. கூட்டாளி ரிச்சர்ட் ஹிக்காக்குக்கு 28. அந்த வீட்டில் பணப்பெட்டி இருக்கிறது என்று சிறையில் ஒருவன் சொன்னதை நம்பி 400 மைலுக்கு மேல் கார் ஓட்டி வந்தவர்கள். பணப்பெட்டி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. கிடைத்தது ஐம்பது டாலரைத் தொடாத தொகை. டிசம்பர் 30 அன்று லாஸ் வேகஸில் பிடிபட்டார்கள். கிளட்டரைப் பற்றி ஸ்மித் பிறகு சொன்னான்: நல்ல மனிதர், மென்மையாகப் பேசுபவர், கழுத்தை அறுத்த அந்த நொடி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வழக்கை அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 'இன் கோல்ட் பிளட்' என்ற நூலாக எழுதினார். 1965இல் நியூயார்க்கர் இதழில் தொடராக வந்து, 1966இல் புத்தகமானது. உண்மைக் குற்ற நூல்களைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தொடாமல் போவதில்லை. பலர் அந்தக் கொலை இரவுக்காகப் படிக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது நீதிமன்றப் பக்கங்களுக்கு. கொலையாளியின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க ஒரு வாய்ப்பு வந்து, கேட்காமலே நழுவிப்போனது அங்கேதான்.

1960 மார்ச்சில் கார்டன் சிட்டியில் வழக்கு நடந்தது. மிட்செல் ஜோன்ஸ் என்ற இளம் மனநல மருத்துவர் கட்டணம் வாங்காமல் இருவரையும் பரிசோதிக்க முன்வந்தார். அவரவர் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார். பக்கம் பக்கமாக எழுதித் தந்தார்கள். சாட்சிக் கூண்டில் அவரிடம் கேட்கப்பட்டது இதுதான்: குற்றம் நடந்த நேரத்தில் இவனுக்குச் சரி எது, தவறு எது என்று தெரிந்திருந்ததா? ஹிக்காக்கைப் பற்றி, தெரிந்திருந்தது என்றார். ஸ்மித்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றார். ஏன் என்று விளக்க வாயெடுத்தார், அனுமதி இல்லை. ஜூரி உள்ளே போய் நாற்பது நிமிடங்களில் முடிவோடு வெளியே வந்தது. இருவருக்கும் தூக்கு.

அந்த ஒற்றைக் கேள்வி எங்கிருந்து வந்தது? 1843இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவன், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். தன்னை ஒரு கூட்டமே துரத்துகிறது என்ற மனப்பிரமையில் இருந்தவன். புத்தி பேதலித்தவன் என்று அவனை விடுவித்தபோது ஊரே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த பதில்தான் மெக்நாட்டன் விதி: செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத அளவுக்கு மனநோய் இருந்திருந்தால் மட்டுமே விலக்கு. நமக்கும் இது அந்நியமல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக வந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக இருப்பது இதன் வாரிசுதான்.

சட்டம் கேட்பது 'தெரியுமா?' என்று. மூளையைப் படிப்பவர்கள் கேட்பதோ 'நிறுத்த முடியுமா?' என்று. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சாட்சி, கொலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நோயாளி. கட்டியை அகற்றும் சிகிச்சையில் நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள மூளைப்பகுதியை இழந்தவர். அமெரிக்காவின் அயோவாவில் நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோவும் சகாவும் 1985இல் அவரைப் பற்றி எழுதினார்கள். அறிவுத்திறன் குறையவில்லை. இந்தச் சூழலில் என்ன செய்வது நியாயம் என்று தாளில் கேட்டால் சரியாகவே சொல்வார். வாழ்க்கையில் மட்டும் தவறான கூட்டாளி, நொடித்துப்போன தொழில், முறிந்த திருமணம் என்று முடிவுகள் ஒவ்வொன்றும் சறுக்கின. அவர் யாரையும் அடித்தவரில்லை. அவரிடம் அறிவு முழுசாக இருந்தது. அந்த அறிவைக் கையோடும் காலோடும் இணைக்கும் பிடிமானம் போயிருந்தது. மெக்நாட்டன் விதியின் தேர்வில் இப்படிப்பட்டவர் புத்தி தெளிந்தவராகவே தேறிவிடுவார்; விலக்கு கிடைக்காது.

சரி, வன்முறைக்கு வருவோம். பூனையை இரண்டு கோலங்களில் பார்த்திருப்பீர்கள். நாய் மூலையில் மடக்கினால் முதுகை வில்லாக வளைத்து, மயிர் சிலிர்த்து, சீறிப் பிறாண்டும். எலியைப் பிடிக்கப் போகும்போதோ சத்தமே இருக்காது; உடம்பைத் தரையோடு ஒட்டிப் பதுங்கி, கழுத்தில் ஒரே கடி. 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் பூனைகளின் மூளை அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதிக்குள் மெல்லிய மின்முனைகளைச் செருகிப் பார்த்தார்கள். நடுப்பகுதியைத் தூண்டினால் சீறல். பக்கவாட்டைத் தூண்டினால் ஓசையில்லாத வேட்டை. வெளியில் இருந்து பார்க்க இரண்டும் தாக்குதல்தான். உள்ளே ஓடும் கம்பிகள் வேறு வேறு.

மனிதருக்கும் இந்த இரண்டு வழிகள் உண்டு என்றே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீறல் வழியில் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு வடிவப் பகுதி ஆபத்து என்று மணியடிக்கிறது. ஹைப்போதலாமஸும் அதற்குக் கீழே மூளைத்தண்டும் உடம்பைச் சண்டைக்கு ஏற்றுகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைதான் பிரேக். அடிக்கும் மணி உண்மையா, பொய்யா, இப்போதைய ஆபத்தா, பழைய காயமா என்று பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று நம் பாட்டிகள் சொன்னதில் புத்தி இருந்த இடம் அதுதான். வேட்டை வழியில் மணியே அடிப்பதில்லை. முன்மூளை நன்றாக வேலை செய்துகொண்டே கொலைக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கலாம்.

குற்றவாளிகளின் மூளையை ஆராயும் ஏட்ரியன் ரெய்ன் 1997இல் மனநிலையைக் காரணம் காட்டி வாதாடிய 41 கொலையாளிகளின் மூளையை, எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தபோது முன்மூளை சர்க்கரையை எரிக்கும் வேகம் சராசரியாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு, அவர்களில் ஆத்திரத்தில் கொன்றவர்களையும் குறிவைத்துக் கொன்றவர்களையும் பிரித்துப் பார்த்தார். குறைவு தெளிவாகத் தெரிந்தது ஆத்திரக்காரர்களிடம்; குறிவைத்தவர்களின் முன்மூளை ஏறக்குறைய மற்றவர்களுடையது போலவே இருந்தது. இவை கூட்டத்தின் சராசரிகள். ஒரு தனி மனிதனின் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு இவன் கொல்வான், கொல்லமாட்டான் என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த நிலவறைக்குத் திரும்புவோம். ஜோன்ஸ் சொல்ல விரும்பியதைக் கபோட்டி தன் நூலில் அச்சிட்டிருக்கிறார். அன்பு கிடைக்காத, அடி மட்டும் கிடைத்த குழந்தைப் பருவம் ஸ்மித்துடையது. குடியில் மூழ்கிய தாய். அனாதை விடுதியில் படுக்கையை நனைத்ததற்காக அடித்த கன்னியாஸ்திரிகள். ஏமாற்றப்பட்டோம், மட்டம் தட்டப்பட்டோம் என்று தோன்றினாலே போதும், கட்டுக்கடங்காத கோபம். அதற்கு இலக்கானவர்கள் பெரும்பாலும் அப்பா, ராணுவ சார்ஜண்ட், பரோல் அதிகாரி போன்ற அதிகார உருவங்கள். கான்சஸின் டொபீகாவில் மெனிங்கர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜோசப் சாட்டனும் சகாக்களும் 1960இல் 'காரணம் தெரியாத கொலை' பற்றி எழுதிய கட்டுரையில், இதே அச்சில் வார்த்த நான்கு பேரை வேறு வழக்குகளிலிருந்து விவரித்திருந்தார்கள். சாட்டனின் பார்வையில் கிளட்டரைக் கொன்றதுதான் மனவியல் ரீதியாக முக்கியம். அந்த நொடியில் ஸ்மித்தின் முன்னால் கிடந்தது கிளட்டர் அல்ல. பழைய காயத்தின் ஏதோ ஒரு முகம்.

எய்தவர்கள் எங்கோ இருந்தார்கள். அம்பு வந்து தைத்தது முன்பின் அறியாத ஒருவரை. அட்டை விரித்த கையும் அறுத்த கையும் ஒன்றுதான் என்ற புதிர் எனக்கு இப்படித்தான் கொஞ்சமாவது அவிழ்கிறது. விரித்தபோது இருந்தது இன்றைய மனிதர் மேல் இரக்கம். அடுத்த நொடியில் பழைய மணி அடித்தது, பிரேக் பிடிக்கவில்லை. இது விளக்கம், மன்னிப்பு அல்ல. அப்படி அடிபட்டு வளர்ந்த மிகப் பெரும்பாலோர் ஓர் எறும்பைக்கூட நசுக்காமல் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹிக்காக் வேறு ரகம். சாதாரண வீடு, பாசமான பெற்றோர். சாட்சி ஒருவரையும் விடக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்தவன் அவன்தான். கடுமையான குணக்கோளாறு என்று குறித்த ஜோன்ஸ், 1950 கார் விபத்தில் தலையில் பட்ட அடி மூளையைப் பாதித்ததா என்று சோதிக்க வேண்டும் என்றும் கேட்டார். சோதிக்கவே இல்லை.

நம் நாளிதழ்கள் இந்த இருவரையும் 'சைக்கோ' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டியிருக்கும். அந்தச் சொல் இரண்டு எதிரெதிர் நிலைமைகளைக் குழப்புகிறது. சைக்கோசிஸ் என்பது மெக்நாட்டனுக்கு இருந்தது. இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதி தெரிவது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள், அந்தச் சொல்லால் அவமானப்படுபவர்கள். சைக்கோபதியில் உலகம் தெளிவாகத் தெரியும். உணர்ச்சி மட்டும் மேலோட்டமாக இருக்கும். கனடாவில் உளவியலாளர் ராபர்ட் ஹேர் 1960களில் கைதிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். 1 முதல் 12 வரை எண்கள் வரிசையாகத் தோன்றும். 8 வந்தால் மின் அதிர்ச்சி. மற்றவர்களுக்கு 3, 4 என்று எண் ஏற ஏற உள்ளங்கை வியர்த்தது. சைக்கோபாத்துகளுக்கு எட்டை நெருங்கும் வரை வியர்வை பெரிதாக எழவில்லை. எட்டில் என்ன வரும் என்று அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததைப் பயமாக மாற்றும் பாதைதான் மந்தம்.

இந்த மனிதர்களை முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆன் ரூல் 1980இல் எழுதிய 'தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ' போதும். முன்னாள் போலீஸ்காரரான அவர், சியாட்டிலில் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களின் அழைப்பை ஏற்கும் மையத்தில் இரவு வேலை பார்த்தபோது பக்கத்து நாற்காலியில் கனிவாகப் பேசிக்கொண்டிருந்த மாணவன்தான், பல பெண்களைக் கொன்றவன் என்று பின்னால் தெரியவந்த டெட் பண்டி.

இந்த நூல்களையும் கண்ணை மூடி நம்பிவிடக் கூடாது. ஸ்மித் முதலில் பெண்கள் இருவரையும் சுட்டது ஹிக்காக் என்றான். பிறகு நால்வரையும் சுட்டது தானே என்று மாற்றிச் சொல்ல விரும்பினான், ஹிக்காக்கின் தாயை நினைத்து. எது உண்மை? கபோட்டியும் கடைசியில் வரும் கல்லறைக் காட்சியைக் கற்பனையில் எழுதிச் சேர்த்தார். உண்மை நூல் என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் நீதிமன்றம் காதில் வாங்க மறுத்ததை அச்சில் ஏற்றியது அந்த நூல்தான்.

ஸ்மித்தும் ஹிக்காக்கும் 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். மூளைக்குள் எட்டிப்பார்க்கும் ஸ்கேன் கருவிகள் வர இன்னும் ஆண்டுகள் இருந்தன. கருவிகள் வந்த பிறகு கான்சஸ் கேள்வியை அகலமாக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். 1990களின் நடுவில் அந்த மாநிலம் மெக்நாட்டன் கேள்வியையே எடுத்துவிட்டது. 2020 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் கட்டத்தில், கொல்ல நினைத்துத்தான் கொன்றானா என்பதைப் பற்றி மட்டுமே இன்று அங்கே ஒரு மருத்துவர் பேச முடியும். சரி தவறு தெரிந்திருந்ததா என்று ஜோன்ஸிடம் கேட்ட அந்தக் கேள்விகூட அவரிடம் வராது. மற்றதையெல்லாம் தண்டனையை முடிவு செய்யும்போது சொல்லிக்கொள்ளலாம்.