எரிமலை வெடித்த கதை எத்தனை தலைமுறை தாங்கும்?

1886-இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் மேலே இருக்கும் ஓர் ஏரியின் ஆழத்தைப் பார்க்க ஒரு குழு போனது. கையில் இருந்த கருவி, நுனியில் எடை கட்டிய பியானோ கம்பி. படகில் போய் 168 இடங்களில் அதை இறக்கினார்கள். அதிகபட்சமாக 608 மீட்டர் வந்தது. ஒலி அலையால் ஆழம் அளக்கும் இன்றைய சோனார் கணக்கு 594 மீட்டர், அதனால் கம்பியைக் குறை சொல்ல முடியாது. கிரேட்டர் ஏரி என்று பெயர். அந்த நாட்டிலேயே ஆழமானது. அதில் ஆறு எதுவும் வந்து விழுவதில்லை, அதிலிருந்து எதுவும் புறப்படுவதும் இல்லை.

இவ்வளவு உயரத்தில் இவ்வளவு பெரிய குழி எப்படி வந்தது என்று விஞ்ஞானிகள் கேட்கத் தொடங்கிய காலம் அது. அதற்கு 21 வருடம் முன்பே, 1865-இல், லாலெக் என்ற கிளாமத் பூர்வகுடித் தலைவர் ஓர் இளம் படைவீரரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார். ஏரி இருக்கும் இடத்தில் முன்பு பெரிய மலை இருந்ததாம். அதற்கடியில் பாதாள உலகத் தலைவன் லாவோ. அவன் கிளாமத் தலைவரின் மகள் மேல் ஆசைப்பட்டான், அவள் மறுத்துவிட்டாள். நெருப்பால் எல்லாரையும் அழிப்பேன் என்று கிளம்பினான். தெற்கே ஷாஸ்தா மலை மேல் நின்று வானுலகத் தலைவன் ஸ்கெல் அவனை எதிர்த்தான். பழுக்கக் காய்ந்த பாறைகள் இரண்டு பக்கமும் பறந்தன. ஜனங்கள் தண்ணீருக்குள் இறங்கி ஒளிந்தார்கள். இரண்டு பூசாரிகள் தீப்பந்தத்தோடு மலைக் குழிக்குள் குதித்து உயிரைக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கெல் லாவோவை உள்ளே தள்ள, மலை அவன் மேலேயே இடிந்து விழுந்தது. பிறகு மழை பெய்து பெய்து குழி நிரம்பியது.

இப்போது புவியியல் சொல்வதைப் பார்ப்போம். அங்கே சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ஓர் எரிமலை இருந்தது. அதற்கு மசாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்து, ஏறக்குறைய 50 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பைக் கக்கியது. அடியில் இருந்த குழம்பு காலியானதும் மேலே தாங்க ஒன்றும் இல்லாமல் மலை உள்ளே இறங்கியது. மழையும் பனியும் அந்தப் பள்ளத்தைச் சில நூறு ஆண்டுகளில் நிரப்பின. மலை உச்சி வெளியே சிதறியதா, உள்ளே விழுந்ததா என்பது ஆரம்பத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. சிதறியிருந்தால் பழைய மலையின் பாறைத் துண்டுகள் சுற்றிலும் குவிந்து கிடக்க வேண்டும். கிடப்பதோ பெரும்பாலும் புதுக்குழம்பு உறைந்த நுரைக்கல். உள்ளே விழுந்ததுதான் சரி என்று புவியியலாளர் ஜோசப் டில்லர் விரிவாக எழுதி வெளியிட்டது 1902-இல்.

அப்போது அங்கே மனிதர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். ஏரிக்கு வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் ஃபோர்ட் ராக் என்ற குகை. 1938-இல் தொல்லியலாளர் லூதர் கிரெஸ்மன் அதைத் தோண்டியபோது, செடிப் பட்டையில் பின்னிய செருப்புகள் நிறையக் கிடைத்தன. கவனிக்க வேண்டியது அவை கிடந்த இடத்தை: மசாமாவின் சாம்பல் அடுக்குக்குக் கீழே. பிறகு, பழைய பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை வைத்து வயது கணிக்கும் முறையில் பார்த்தபோது செருப்புகளின் வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல் என்று வந்தது.

ஆக, பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் 7,700 வருடம் என்றால் சுமார் 300 தலைமுறை. வாய்வழியாக ஒரு கதை அவ்வளவு தூரம் வருமா? வராது என்பதற்கு ஒரு பிரபலமான சான்று உண்டு. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட சோதனைகளில் ஆட்கள் ஒரு கதையைப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்து எழுதுவதும் நடந்தது. போகப்போக கதை சுருங்கியது, புரியாத பகுதிகள் உதிர்ந்தன, தோணி சாதாரணப் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பு ஆனது. வேடிக்கை என்னவென்றால், அது ஒரேகானின் வட எல்லையில் ஓடும் கொலம்பியா ஆற்றுக் கரை மக்களின் கதை. சம்பந்தமே இல்லாத ஊரில், சம்பந்தமே இல்லாதவர்களிடம் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

ஊருக்குள் கதை அப்படி ஒற்றை வரிசையில் போவதில்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரிடம் இந்த மாதிரிக் கதைகளைக் குளிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அதே கூட்டம், அதே கதை, வருடா வருடம். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். தப்பாகச் சொன்னால் "அப்படியில்லை" என்று ஒரு கிழவி குறுக்கிடுவாள். அப்புறம், தாத்தா பாட்டி நேராகப் பேரப்பிள்ளைக்குச் சொல்லும்போது கைமாறும் எண்ணிக்கை 300-லிருந்து கிட்டத்தட்ட 150 ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், ஏரி கண்ணெதிரே இருக்கிறது. கிளாமத் மக்கள் அதைப் பார்க்கவே கூடாத இடமாக வைத்திருந்தார்கள். ஏன் பார்க்கக் கூடாது என்று எந்தக் குழந்தை கேட்டாலும் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இதில் எது தங்கும், எது போகும் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. காலக்கணக்கு முதலில் போய்விடும். காரணம் ஆளாக மாறிவிடும், ஏனென்றால் கோபக்காரன் ஒருவன் மனதில் நிற்பதுபோல் நிலத்தடி அழுத்தம் நிற்காது. நிகழ்ச்சிகளின் வரிசை மட்டும் லேசில் போகாது: முதலில் நெருப்பு, பிறகு இடிவு, பிறகு மழை.

சந்தேகப்படுபவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பள்ளத்தையும் நுரைக்கல்லையும் பார்த்துவிட்டு யாரோ பின்னால் கட்டிய கதையாக ஏன் இருக்கக் கூடாது? தவிர, லாலெக் சொன்னது படைவீரர் எழுத்து வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது, அது பரவலாக அச்சில் வந்ததும் பல பத்தாண்டுகள் கழித்து. அந்தக் காதல் கதையில் எழுதியவர் கை கொஞ்சம் பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மலை உள்ளே விழுந்தது என்ற பகுதியை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. 1865-இல் அந்த ஏரியை ஆராய எந்த விஞ்ஞானியும் வந்திருக்கவில்லை. லாலெக் அதை அவர்களிடம் கேட்டிருக்க வழியில்லை.